துபாயின் தேராவில் பதினைந்து வருடம் ஒரே அறை: நண்பருக்குச் சிறுநீரகம் கொடுக்கலாமா?

ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து 53 வயது வாசகர் ஒருவர் ஏழு பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டதால் சில விவரங்களை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

இவர் 2002இல் துபாய் போனவர். ஏசி மெக்கானிக். 2004இல் லீவில் வந்து கல்யாணம் செய்துகொண்டு திரும்பிப் போனார். 2008இல் தேராவில் எட்டுப் பேர் இருக்கும் ஓர் அறையில் பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டில் மட்டும் வாடகைக்கு) கிடைத்தது. இவருக்குக் கீழ்க்கட்டில், மேல்கட்டிலில் கேரளத்துத் திரூர்க்காரர் ஒருவர். அடுத்த வருடம் துபாயில் கட்டட வேலைகள் பாதியில் நின்றபோது இவருடைய கம்பெனி நான்கு மாதம் சம்பளம் போடவில்லை. மேல்கட்டில்காரர் சாப்பாட்டுக் காசைத் தானே கட்டியதோடு, மாதம் 2,000 திர்ஹாம் வீதம் இவர் மனைவியின் கணக்குக்கு ஊருக்கு அனுப்பினார். "ஆத்யம் நீ நாட்டிலேக்கு பைசா அயக்கு, பாக்கி பின்னே" (முதலில் நீ ஊருக்குப் பணம் அனுப்பு, மற்றது பிறகு) என்றாராம். அந்த 8,000 திர்ஹாமைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதெல்லாம் வாங்கவில்லை.

2023இல் இவர் ஊர் திரும்பினார். நண்பரும் போன வருடம் வந்துவிட்டார், இரண்டு சிறுநீரகமும் பழுதான நிலையில். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். நண்பரின் மனைவிக்குச் சர்க்கரை நோய். தோஹாவில் இருக்கும் அண்ணனுக்கு ரத்த வகை பொருந்தவில்லை. 22 வயது மகன் கொடுக்கத் தயார், ஆனால் நண்பர் "மகனிடம் வாங்க மாட்டேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார். நம் வாசகருக்கு ஓ பாசிட்டிவ். கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். நண்பரின் அண்ணனிடம் மட்டும் பேசியிருக்கிறார். அண்ணன், "கமிட்டி பேப்பர் எல்லாம் பார்த்துக்கொள்ள கோழிக்கோட்டில் ஓர் ஆள் இருக்கிறார், உங்கள் மகள் கல்யாணத்தையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றாராம். வீட்டில் எதுவும் தெரியாது. மூட்டு வலிக்குக் கோட்டக்கல்லில் ஒரு மாதம் உழிச்சல் (ஆயுர்வேத எண்ணெய்ச் சிகிச்சை) என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். மூன்று மாதமாக நண்பர் போனை எடுப்பதில்லை என்பது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. "இது சரியா? சட்டப்படி முடியுமா? மனைவியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாமா?" என்பவை இவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

கோட்டக்கல் திட்டத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். விலாவுக்குக் கீழே தையலோடு வந்து உழிச்சல் என்று சொன்னால் எந்த மனைவி நம்புவார்? ஆனால் அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. உறுப்பு மாற்றுப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராகப் பல வருடம் வேலை பார்த்தவள் நான். தாய்க்கு மகனும், கணவனுக்கு மனைவியும் கொடுப்பதைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு, நண்பருக்குக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்து நின்றால் இரண்டு உணர்ச்சிகள் சேர்ந்து வரும். ஒன்று மரியாதை. இன்னொன்று சந்தேகம். உங்கள் மீது எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் போய் நிற்கப்போகும் இடத்தில் சந்தேகப்படுவதற்கென்றே ஒரு குழு உட்கார்ந்திருக்கும். அது நல்லதற்குத்தான்.

முதலில் சட்டம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் நெருங்கிய உறவு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். 2011 திருத்தத்தில் தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தார்கள். நீங்கள் இதில் இல்லை. அதனால் கொடுக்கவே முடியாது என்று அர்த்தமில்லை. அன்பினாலோ பற்றினாலோ கொடுக்க முன்வரும் உறவல்லாதவருக்கும் அதே சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் அங்கீகாரக் குழுவின் முன்அனுமதி வேண்டும். சிகிச்சை கேரளத்தில், நீங்கள் தமிழ்நாடு. ஆகவே உங்கள் இருப்பிடத்தை இங்கிருந்து சரிபார்த்து அனுப்பும் வேலையும் உண்டு. ஓரிரு வாரத்தில் முடியும் காரியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

மனைவியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாமா?

முடியாது. நான் அறிவுரையாகச் சொல்லவில்லை, விதியே அப்படித்தான். 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, உறவல்லாதவர் கொடுக்கும்போது அவருடைய நெருங்கிய உறவினரைக் குழு நேரில் கூப்பிட்டுப் பேச வேண்டும். உங்கள் கணவர் உறுப்புக் கொடுக்கப் போவது தெரியுமா, இவர்களுக்குள் என்ன பழக்கம், ஏன் கொடுக்கிறார், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். பலத்த ஆட்சேபணை இருந்தால் அதையும் எழுதிக்கொள்வார்கள். அந்த நாற்காலியில் உட்காரப்போவது உங்கள் மனைவி.

இப்போது யோசித்துப் பாருங்கள். "அவர் எப்படிப்பட்டவர் அம்மா?" என்று கேட்டால் உங்கள் மனைவிக்குச் சொல்ல என்ன இருக்கிறது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், நண்பரை அவர் ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை என்று. "ரூம்ல இருக்கவர்" என்பதுதான் பதினைந்து வருடமாக அவருக்குத் தெரிந்த பெயர்.

உங்கள் கடிதத்தில் இருந்த கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். கல்யாணமானது 2004, ஊர் திரும்பியது 2023. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாதம் லீவு. பத்தொன்பது வருடத்தில் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருந்தது கூட்டிப்பார்த்தால் சுமார் இருபது மாதம். மேல்கட்டில்காரரோடு பதினைந்து வருடம். உங்களுக்கு நடுராத்திரி இருமல் வந்தால் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் நோன்பு வைக்கும் மாதத்தில் பகலில் அறைக்குள் அடுப்புப் பற்ற வைக்காமல் நீங்கள் கீழே கடையில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டதை அரைப் பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். மகளின் கல்யாணப் பேச்சுக்கு நான்கு வரிதான். குறை சொல்லவில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பி வரும் பல ஆண்களிடம் பார்க்கிறேன்: வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதும் ஓர் அறைக்குள் இருக்கும், அந்த அறையின் கதவை வீட்டுக்கு அவர்கள் திறந்தே இருக்க மாட்டார்கள். அங்கே பட்ட கஷ்டத்தை இங்கே சொல்லக் கூடாது என்று மறைக்கத் தொடங்கி, அங்கே கிடைத்த மனிதர்களையும் சேர்த்தே மறைத்துவிடுகிறார்கள்.

"என் மனைவிக்கு அவர் போன் வந்தாலே பிடிக்காது, பொறாமை" என்று எழுதியிருக்கிறீர்கள். பொறாமை என்ற சொல் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. தினமும் ராத்திரி மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, முகம் மலர்ந்து இறங்கி வந்து, "யாரு?" என்றால் "ரூம்ல இருந்தவன்தான்" என்று முடித்துக்கொண்டால் யாருக்குத்தான் பிடிக்கும்? அந்த மலர்ச்சியில் தனக்குப் பங்கில்லை என்பதுதான் அவருடைய வருத்தமாக இருக்கும்.

பதினைந்து வருடத்துக்கு என்ன சாட்சி?

குழு கேட்கும் இரண்டாவது கேள்வி இது. சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம், இருவரும் ஒன்றாக இருக்கும் பழைய புகைப்படங்கள் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. சொந்தபந்தம் என்றால் ரேஷன் கார்டை நீட்டலாம். பெட் ஸ்பேஸில் இருந்தவர்களுக்கு என்ன இருக்கிறது? வாடகை ஒப்பந்தம் அறையை எடுத்த மெயின் ஆள் பெயரில் இருக்கும். நீங்கள் இருவரும் வேறு வேறு கம்பெனி, வேறு வேறு விசா. காகிதத்தில் பார்த்தால் ஒரே ஊரில் இருந்த இரண்டு அந்நியர்கள்.

பழைய போன்களைத் தூக்கிப் போட்டிருந்தாலும் மெமரி கார்டு கிடக்கிறதா என்று தேடுங்கள். அறையில் இருந்த மற்ற ஆறு பேரிடமும் கேளுங்கள், யாராவது ஒருவர் பெருநாள் அன்று எடுத்த படத்தை வைத்திருப்பார். பாஸ்போர்ட்டில் பழைய விசாப் பக்கங்கள், ஒரே நாளில் ஊருக்குப் பறந்த டிக்கெட் இருந்தால் அதுவும்.

ஆனால் இருப்பதிலேயே உறுதியான ஆதாரம் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. உங்களுக்கு அது தோன்றாததுதான் எனக்கு ஆச்சரியம். 2009இல் உங்கள் மனைவி போனில், "பாஸ்புக்ல வேற பேர் விழுந்திருக்கு, யாரு இது?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்களே. அந்த நான்கு வரவும் அனுப்பியவர் பெயரோடு அந்தப் பாஸ்புக்கில் இருக்கின்றன. உங்கள் நட்புக்கு அரசாங்கம் ஒத்துக்கொள்ளும் சாட்சி ஒன்று உண்டென்றால் அது உங்கள் மனைவி பத்திரமாக வைத்திருக்கும் அந்தப் புத்தகம்தான். அவரிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாஸ்புக்கை எடுக்கச் சொல்லுங்கள். அந்த வரிகளைக் காட்டுங்கள். அந்த நான்கு மாதம் நீங்கள் என்ன நிலையில் இருந்தீர்கள் என்பதை முதல் தடவையாகச் சொல்லுங்கள். சம்பளம் வரவில்லை என்பதே அவருக்கு இன்றுவரை தெரியாது என்று நினைக்கிறேன், சரியா? அந்தப் பணத்தில்தான் வீட்டில் அடுப்பெரிந்தது என்று தெரிந்தால், "ரூம்ல இருக்கவர்" என்பவருக்கு ஒரு முகம் வந்துவிடும்.

உடனே சிறுநீரகத்துக்குத் தாவ வேண்டாம். அதை இன்னொரு நாள் பேசுங்கள். அவர் மறுத்தால்? மறுக்க அவருக்கு உரிமை இருக்கிறது. சட்டத்தில் கையெழுத்து உங்களுடையதுதான், ஆனால் அறுவைக்குப் பிறகு உங்களைத் தூக்கி உட்கார வைப்பவர் அவர். அவருடைய மறுப்பைத் தாண்டிப் போக வழி தேடாதீர்கள்.

கல்யாணச் செலவு, கோழிக்கோட்டு ஆள்

இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். அண்ணன் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். "நீ எங்களுக்கு இவ்வளவு செய்கிறாய், நாங்கள் உனக்குச் செய்ய மாட்டோமா" என்பது நம் ஊர்ப் பேச்சு. ஆனால் உறுப்புக்குக் கைமாறாகப் பணமோ பணத்துக்கு ஈடான எதுவோ வந்தால் சட்டத்தின் கண்ணில் அது விற்பனை. 2011 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை ஐந்திலிருந்து பத்து வருடம் சிறை, இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை அபராதம். கொடுத்தவர், வாங்கியவர், நடுவில் நின்றவர் எல்லோருக்கும். அனுமதிக்கு முன்னால் இரு வீட்டாரின் மூன்று வருட வருமான விவரத்தையும் குழு பார்க்கும். தோஹாவில் சம்பாதிக்கும் குடும்பம், வேலையில்லாமல் ஊர் திரும்பியவர், கல்யாணத்துக்கு நிற்கும் மகள்: வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "ஆள்" ஒருவர் நடுவில் இருந்தால் அதோடு முடிந்தது. மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரே எந்தெந்தப் படிவம் என்று சொல்வார், வேறு யாரும் தேவையில்லை.

எது தவறில்லை? உங்கள் பயணம், பரிசோதனை, தங்கும் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்களின் வருமான இழப்பு ஆகியவற்றை நியாயமான அளவில் ஈடுகட்டலாம். சட்டமே அதைப் பணம் கொடுத்ததாகக் கருதுவதில்லை. ரசீதோடு இருக்கட்டும்.

2009 பணத்தைப் பற்றி அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். "அன்றைய ரேட்டில் ஒரு லட்சம், இன்றைய ரேட்டில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம், எதைக் கொடுப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த விஷயம் முடியும்வரை இரண்டு பக்கமும் பணம் நகர வேண்டாம். பிறகு திருப்ப விரும்பினால் திர்ஹாம் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது திர்ஹாம்தானே.

அந்தப் பணத்துக்காகத்தான் கொடுக்கிறீர்களா என்பதை மட்டும் உங்களுக்குள் கேட்டுப் பாருங்கள். "கடன்பட்டுச் செத்துப்போக முடியாது" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கடனைத் தீர்ப்பதற்காக உறுப்புக் கொடுப்பவர்களுக்குப் பிறகு மனம் கசந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். தீர்ந்தது என்ற நிம்மதி அவர்களுக்கு வருவதில்லை, ஏனென்றால் வாங்கியவர் இப்போது கடன்பட்டவர் ஆகிவிடுகிறார். முன்போல் கிண்டல் செய்ய முடியாது, சண்டை போட முடியாது.

உங்கள் உடம்பு என்ன சொல்கிறது?

ஓ வகை எந்த ரத்த வகைக்கும் கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது வாசல்தான். உள்ளே திசுப் பொருத்தம், கிராஸ் மேட்ச் (இருவர் ரத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் சோதனை), சிறுநீரக வேலைத்திறன், இதயம், நுரையீரல் என்று நீண்ட பட்டியல் இருக்கிறது. மூன்று வருடமாக பிபி மாத்திரை போடுகிறேன் என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் வைக்கும் விஷயம் இல்லை இது. ஒரே மாத்திரையில் அடங்கினால் சில மருத்துவமனைகள் ஏற்கும், சில ஏற்காது. இருபது வருடம் மொட்டை மாடி வெயிலில் ஏசி அவுட்டோர் யூனிட்டோடு நின்றவர் நீங்கள், தண்ணீர் குறைவாகக் குடித்திருப்பீர்கள். கல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். கொடுப்பவர் அறுவைச் சிகிச்சையை ஒட்டி இறக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை. குறைவுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. லாப்ராஸ்கோப்பி என்றால் சில நாளில் வீட்டுக்கு வரலாம், நாலு முதல் ஆறு வாரம் கனம் தூக்கக் கூடாது. அதன்பிறகு வாழ்நாள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை பிபி, கிரியாட்டினின், சிறுநீர்ப் பரிசோதனை. கடைசி நிமிடம் வரை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் "மருத்துவரீதியாகப் பொருந்தவில்லை" என்று மட்டும் மருத்துவமனை சொல்லிவிடும் வழக்கமும் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு பெரிய ஓட்டை. நண்பரிடம் இதைக் கேட்டீர்களா? சொந்த மகனிடமே வாங்க மாட்டேன் என்பவர் உங்களிடம் வாங்குவார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மூன்று மாதமாகப் போன் எடுக்காததை "மாறிவிட்டான், பணக்காரத் திமிர்" என்று கோபமாக எழுதிவிட்டு, அடுத்த பாராவிலேயே சிறுநீரகம் கொடுக்கிறேன் என்கிறீர்கள். டயாலிசிஸ் முடிந்த நாள் உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். நாலு மணி நேரம் மெஷினில் படுத்துவிட்டு வந்து, "எப்படிடா இருக்க?" என்ற கேள்விக்குச் சிரித்துப் பதில் சொல்ல எல்லோராலும் முடியாது. அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கவும் கூடும். அப்படியானால் போனை எடுக்காததே அவருடைய பதில்.

அவர் மறுத்துவிட்டாலோ நீங்கள் பரிசோதனையில் தேறாவிட்டாலோ செய்ய ஒன்றுமில்லை என்று நினைக்க வேண்டாம். மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து பெறுவதற்கான கேரள அரசின் காத்திருப்புப் பட்டியலில் பெயர் பதிந்திருக்கிறதா என்று மகனிடம் கேளுங்கள். மிருதசஞ்சீவனி என்று தொடங்கி இப்போது கே-சோட்டோ என்று நடப்பது அது. காருண்யா காப்பீட்டில் தகுதியிருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை கிடைக்கும். ஊர் திரும்பியவர்களின் சிகிச்சைக்கு, வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அரசு அமைப்பான நோர்க்காவின் சாந்த்வனா உதவியும் உண்டு, வருமான வரம்போடு. வளைகுடாப் பணத்தில் பெரிய வீடு கட்டியவர்கள் இதற்கெல்லாம் விண்ணப்பிக்கக் கூச்சப்படுவார்கள். கூச்சப்படாமல் அவரைத் திட்டி விண்ணப்பிக்க வைக்கக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எனவே முதலில் கிளம்புங்கள். திருச்சியிலிருந்து பாலக்காடு, அங்கிருந்து திரூர், ஒரு நாள் பயணம். டயாலிசிஸ் இல்லாத நாளாக மகனிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பேச்சை எடுக்காமல் இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். அவர் இடித்துக் கொடுத்துவிட்ட இட்லிப் பொடியைப் பதினைந்து வருடம் சாப்பிட்டவர் அந்த நண்பர். அவர் அம்மா கொடுத்துவிட்ட சக்க (பலாக்காய்) வறுவல் உங்கள் வழியாக உங்கள் மகளுக்கு வந்திருக்கிறது. இந்த இரண்டு சமையலறைகளும் இன்னும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.

ஆனால் இந்தத் தடவை பொடி வேண்டாம். உப்பும் பருப்பும் இப்போது அவருக்கு அளந்துதான். அவர் கட்டாயம் கேட்பார், உங்கள் மனைவிக்கும் கை துறுதுறுக்கும். வேண்டுமானால் உப்பில்லாமல் ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோய், எவ்வளவு கொடுக்கலாம் என்று அவருடைய டயட்டீஷியனைக் கேட்டுக்கொண்டு திறக்கட்டும்.